நியானுக்கு ஓர் அடிக்குறிப்பு

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் நீங்களாகக் கண்டுபிடித்தால் இருக்கிற கொஞ்ச மரியாதையும் போய்விடும்.

சோடியம் அணு ஒன்று, சோடியம் அயனி ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வட்டமாக வரைந்து தரச் சொல்லியிருந்தார்கள். அயனியின் தலையில் ஒரு பிளஸ் குறி இருந்தது. பிளஸ் என்றால் கூட்டல். கூட்டினால் பெருகும். எனக்குத் தெரிந்த கணக்கு அதுவரைக்கும்தான் வரும். ஆகவே அயனியை அணுவைவிடப் பெரிதாக வரைந்தேன். அடுத்த ஜோடி குளோரின். அதன் அயனிக்கு மைனஸ். கழித்தால் குறையும் என்று அதைச் சுண்டைக்காய் அளவுக்குச் சுருக்கினேன். போதாததற்கு எல்லா வட்டத்துக்கும் ஆரஞ்சு நிறம் கொடுத்து, மேல் ஓரத்தில் ஒரு பளபளப்பும் வைத்தேன். இருநூறு பிரதி அடித்துக் கட்டி அனுப்பிய பிறகு, மிச்சமிருந்த ஒரு தாளைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்துப் பெருமைப்பட்டேன்.

நான் டிடிபி கடைக்காரன். திருநகரில் ஒரு புரோட்டாக் கடைக்கு எதிரில் என் கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து ஃப்ளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி, இவற்றோடு இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு கோச்சிங் சென்டரின் கேள்வித்தாள்கள். முதல் மூன்றில் தப்பு வந்தால் வீடு தேடி வந்து சட்டையைப் பிடிப்பார்கள். பிற்பாடு ஒருமுறை கண்ணீர் அஞ்சலியில் படம் மாறிப்போய், போட்டோவில் இருந்தவரே நேரில் வந்து கேட்டதும் உண்டு. கேள்வித்தாள் தப்புக்கு மட்டும் யாரும் வரமாட்டார்கள் என்று தைரியமாக இருந்தேன்.

மறுநாள் காலை ஒருவர் வந்தார்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. சென்டரில் எல்லாருக்கும் அவர் மேடம். விளாங்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து வேதியியல் எடுப்பார். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள். போனில் அக்காவோடு அந்த மொழியில் தடதடவென்று பேசிக்கொண்டே வந்து, எங்களிடம் திரும்பியதும் ஒரு கியர் குறைத்துத் தமிழில் பேசுவார். கையில் குடை, தோளில் துணிப்பை, பைக்கு வெளியே எப்போதும் நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் அடி ஸ்டீல் ஸ்கேல்.

என் ஆரஞ்சுத் தாளை மேஜையில் வைத்தார்.

"இத யாரு வரஞ்சது?"

"நாந்தேன் மேடம். நல்லா வந்திருக்குல்ல?"

"லட்டு நல்லா வந்திருக்கு. சோடியம் எங்க?"

விரலால் காட்டினேன்.

"இது எதுக்கு அதவிடப் பெருசு?"

"பிளஸ் போட்டிருக்குல்ல மேடம்."

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். சென்டர் முழுக்கச் சொல்லிச் சிரிக்க வைத்திருப்பார்கள். அவர் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, பிளஸ் எப்படி வந்துச்சு? ஒரு எலெக்ட்ரான் வெளிய போனதால வந்துச்சு. போனது மைனஸ் சரக்கு. அது போயிட்டா வெளி வரிசையே காலி. மிச்சம் இருக்குறத நடுவுல இருக்குற உட்கரு இன்னும் இறுக்கி இழுத்துப் பிடிக்கும். இப்பச் சொல்லுங்க, ஆளு பெருப்பானா, மெலிவானா?"

"மெலிவான் மேடம்."

"அப்ப திருப்பி வரைங்க. நான் இங்கதான் இருக்கேன்."

அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அளவில் அத்தனை கறாரான ஆள் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மதுரை வழக்கத்துக்கு விட்டுக்கொடுத்திருந்தார்.

வரைய ஆரம்பித்தேன். "எம்புட்டுப் பெருசா போடட்டும் மேடம்?" என்று கேட்டேன். சாதாரணக் கேள்வி. அதற்கு அன்றைக்கு அரை மணி நேரம் போயிற்று. ஏனென்றால் அளவு பற்றி யார் எது சொன்னாலும் அவர் திருப்பிக் கேட்க இரண்டு கேள்வி வைத்திருந்தார். எங்கே இருந்து எங்கே வரைக்கும்? யார் பக்கத்தில் வைத்து?

"அணுவுக்குத் தோல் கிடையாதுண்ணே. ஓரம்னு ஒன்னு இல்ல. நடுவுல உட்கரு, சுத்தி எலெக்ட்ரான் மேகம். வெளிய போகப் போக மேகம் மெலிஞ்சுக்கிட்டே போகும். எங்க முடியுதுன்னு கோடு போட முடியாது. எதிர் கடையில சால்னா கொதிக்குதுல்ல? அந்த வாசம் எங்க முடியுதுன்னு சொல்லுங்க பாப்போம்."

நான் நிஜமாகவே எழுந்து போனேன். அவர் கேட்டது வாய்ப்பேச்சுக்குத்தான் என்பது மருந்துக்கடை வரைக்கும் முகர்ந்துகொண்டே நடந்த பிறகுதான் உறைத்தது. புரோட்டா மாஸ்டர் கல்லை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். திரும்பி வந்து, "மருந்துக்கடை தாண்டியும் லேசா இருக்கு மேடம். ஆனா அங்க எனக்கு இருக்குறது மருந்துக்கடைக்காரருக்கு இல்லங்கிறாரு," என்று அறிக்கை கொடுத்தேன்.

அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. "அதேதான்! ஓரம் இல்லாதத எப்படி அளக்கறது? ரெண்டு கடைய எடுத்துக்கங்க. இந்த அடுப்புல இருந்து அந்த அடுப்புக்கு எம்புட்டு தூரம்னு அளக்கலாம்ல? அதுல பாதி இவனுக்கு, பாதி அவனுக்கு. அம்புட்டுத்தான் அணு ஆரம். தனி ஆள அளக்க முடியாது. ரெண்டு பேர நிறுத்தி, நடுவுல இருந்து நடுவுக்கு அளந்து, பாதியாக்கணும்."

இதோடு விட்டிருந்தால் நானும் என் வேலையைப் பார்த்திருப்பேன். அந்த இரண்டு பேர் எப்படி நிற்கிறார்கள் என்பது அடுத்த தலைவலி.

அதை அவர் எனக்கு ஷேர் ஆட்டோவில் விளக்கினார். ஒருநாள் பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருநகருக்கு இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் மாட்டிக்கொண்டோம். ஏற்கெனவே மூச்சுவிட இடமில்லை. டிரைவர் நிறுத்தி, "கொஞ்சம் ஒட்டி உக்காருங்கக்கா, இன்னொரு ஆளு ஏறட்டும்," என்றார்.

"இந்த சீட்டுல எத்தன பேரு உக்காரலாம்?" மேடம் சண்டைக்குத் தயாரானார்.

"உக்காரத் தெரிஞ்சா ஆறு பேரு உக்காரலாம்க்கா."

சண்டை அப்படியே நின்றுபோயிற்று. மேடம் பையிலிருந்து நோட்டை எடுத்து, அந்த நெரிசலில் என் முழங்கையைத் தள்ளிக்கொண்டு, அந்த வாசகத்தை எழுதிக்கொண்டார். பிறகு என்னிடம் சொன்னார்: "இப்ப என் நடுவுல இருந்து உங்க நடுவுக்கு அளந்து பாதியாக்கினா, என் அகலம் இத்துனூண்டு வரும். இதே நாம பேங்க்ல பெஞ்சுல உக்காந்திருந்தா? தெரியாத ஆளுங்க, ஆளுக்கு ஒரு மூலையில. அப்ப அளந்து பாதியாக்கினா நான் பெரிய ஆளு. நான் குண்டாகல, மெலியல. உக்காந்த விதம் வேற. ஃப்ளூரினும் ஃப்ளூரினும் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கும். அது ஷேர் ஆட்டோ அளவு. நியான் இருக்கே, அது ஒருத்தரோடயும் சேராது. அத பேங்க் பெஞ்சுல வெச்சுத்தான் அளக்க முடியும். ரெண்டு அளவையும் ஒரே பட்டியல்ல போட்டு, பாருங்க நியான்தான் பெருசுன்னு சொன்னா, அது பொய்."

"அப்ப எப்படிப் போடுறது மேடம்?"

"கீழ எழுதணும். எப்படி அளந்தோம்னு எழுதணும்."

அந்த 'கீழ எழுதணும்'தான் மேடம். சின்ன எழுத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு அவர் எழுதிக் கொடுக்கும் அடிக்குறிப்புகள் சில சமயம் பாடத்தைவிட நீளமாக இருக்கும். பசங்க அவருக்கு 'அடிக்குறிப்பு மேடம்' என்று பேர் வைத்திருந்தார்கள். அவருக்கும் தெரியும். "பரவால்ல, மேல இருக்குற தலைப்ப எல்லாரும் படிப்பாங்க. கீழ படிக்கிறவன்தான் ஏமாற மாட்டான்," என்பார்.

அவர் வாய்விட்டுச் சிரித்து நான் ஒரே ஒருமுறைதான் பார்த்தேன். திருநகர் நிறுத்தத்தில் பூ விற்கும் அம்மாவிடம் மல்லிகை வாங்கும்போது ஸ்கேலை வெளியே எடுத்துவிட்டார்.

"இது ஒரு முழமா? யார் முழம்?"

"என் முழந்தேன் தாயி. உன் முழம் வேணும்னா கையக் கழட்டி இங்க வச்சிட்டுப் போ. நாளைக்கி அதுல அளந்து தாரேன்."

மேடம் சிரித்த சிரிப்பில் நிறுத்தத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். பூவை வாங்கிக்கொண்டு என் கடைக்கு வந்தவர், "அவங்க நேர்மையான ஆளுண்ணே. 'என் முழம்'னு சொல்லிட்டாங்கல்ல? உப்புக்குள்ள சோடியம் அயனியும் குளோரின் அயனியும் பக்கத்துல பக்கத்துல நிக்குது. நடுவுக்கு நடு எம்புட்டுன்னு நல்லா அளந்துடலாம். அதுல எதுவரைக்கும் இவன், எதுல இருந்து அவன்? அந்தக் கோடு யாராவது ஒருத்தர் போடுறதுதான். ஒரு புத்தகத்துல ஒரு இடத்துல போட்டிருப்பாங்க, இன்னொன்னுல வேற இடத்துல. எண்ணு மாறும். மாறட்டும், தப்பில்ல. யார் முழம்னு கீழ போடாம விட்டாத்தான் தப்பு," என்றார்.

இத்தனையும் கேட்டவன் நான். ஒருமுறை அல்ல, ஆட்டோவில், கடையில், சால்னா வாசத்தில். கேட்டும் ஒருநாள் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

சென்டரில் 'ஸ்டார் பேட்ச்' என்று ஒன்று உண்டு. நாற்பது இடம். அதில் இடம் கிடைத்தால் ஒரு வருடம் இலவசப் பயிற்சி. அதற்கு ஒரு தேர்வு வைப்பார்கள். தேர்வுக்கு முன் நான்கு ஞாயிறு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு. வேதியியல் மேடம் எடுத்தார். கடைசி ஞாயிறு கையில் கொடுக்க ஒரு பக்கத்தில் அணு அளவுகளின் அட்டவணை. ப்ரூஃபை என் கடையில் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்து, அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார்.

அவர் போன பிறகு, அவர் போட்ட திருத்தங்களைச் சேர்த்து அடிக்கும்போது ஒன்றரை வரி அடுத்த பக்கத்துக்கு வழிந்தது. நியானுக்குத் தனிக் கட்டம் போட்டிருந்தார், அது இடத்தைத் தின்றது. கட்டத்தை எடுத்துவிட்டு நியானைப் பெரிய பட்டியலின் வாலில் ஒட்டினேன். ஃப்ளூரினுக்கு அடுத்து நியான், பார்க்க வரிசையாக அழகாக இருந்தது. அப்படியும் அரை வரி வழிந்தது. கீழே நட்சத்திரம் போட்டுப் பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. யார் படிக்கப்போகிறார்கள் என்று அதையும் எடுத்தேன். பக்கம் கச்சிதமாக முடிந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது. எனக்குத் திருப்தி வந்தாலே ஊரில் ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று அதற்குள் தெரிந்திருக்க வேண்டும்.

தாள்கள் கட்டாக ஆபீஸுக்குப் போய், கடைசி வகுப்பு முடிந்து வாசலில் விநியோகமாயின. மேடம் பார்க்கவில்லை. சென்டரின் டைரக்டர் பார்த்தார். தேர்வுக்குக் கேள்வி எடுக்க அந்தத் தாளையே வைத்துக்கொண்டார். முப்பத்தேழாவது கேள்வி: நைட்ரஜன், ஆக்சிஜன், ஃப்ளூரின், நியான், இவற்றில் பெரிய அணு எது? விடை, நியான். என் அட்டவணையில் நியான் ஃப்ளூரினைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பெருத்து நின்றது அல்லவா?

தாளை மனப்பாடம் செய்தவர்கள் எல்லாரும் நியான் கட்டத்தைக் கறுப்பாக்கினார்கள். மேடம் சொன்னதைக் காதால் கேட்ட ஒரு பெண், அவனியாபுரத்திலிருந்து வந்தவள், அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாள். கேள்வித்தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: 'நியானை ஒட்டாமல் வைத்து அளந்தது. மற்றதை ஒட்டி வைத்து அளந்தது. எப்படி ஒப்பிடுவது?'

பட்டியல் வந்தபோது அவள் நாற்பத்தொன்று.

அன்று காலை நான் டைரக்டர் அறையில் ஃப்ளெக்ஸ் ப்ரூஃபோடு நின்றிருந்தேன். நாற்பது முகங்கள், நடுவில் டைரக்டர் கைகட்டி நிற்கிற படம்.

"என் படம் கொஞ்சம் சின்னதா தெரியுதேண்ணே."

"பசங்க பக்கத்துல வெச்சுப் பாத்தா பெருசுதான் சார்," என்றேன். மேடத்திடம் கற்றது வீண்போகவில்லை.

கதவைத் தட்டாமல் மேடம் உள்ளே வந்தார். கையில் அந்தப் பெண்ணின் கேள்வித்தாள்.

"சார், முப்பத்தேழாவது கேள்விய எடுக்கணும்."

"உக்காருங்க மேடம். டீ சொல்லவா?"

"கேள்விய எடுத்துட்டுச் சொல்லுங்க. என் வகுப்ப ஒழுங்கா கேட்ட பிள்ள வெளிய நிக்கிது. கேக்காதவங்க உள்ள இருக்காங்க. அந்தப் பிள்ளைக்கு இந்த இடம் போனா வேற கோச்சிங் கிடையாது. அவங்க வீட்டுல ஃபீஸ் கட்டிப் படிக்க வைக்க முடியாது."

டைரக்டர் கோபப்படவில்லை. அவர் கோபப்படாதபோதுதான் ஆபத்து. டிராயரைத் திறந்து என் அட்டவணையை எடுத்து மேஜைமேல் மெல்ல வைத்தார். "நியான் பெருசுன்னு உங்க ஷீட்லதான மேடம் இருக்கு? கீழ உங்க பேரு இருக்கு."

மேடம் தாளை எடுத்துப் படித்தார். கீழே வந்ததும் நின்றார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பின்பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளையில் அவருடைய அடிக்குறிப்பு காலை நீட்டிப் படுத்திருக்கலாம். எனக்கு அப்போதுதான் அது தோன்றியது. மின்விசிறி கழன்று என் தலையில் மட்டும் விழட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஷீட் தப்பு," என்றார். "என் பேர்ல வந்திருக்கு, அதனால என் தப்பு. தப்பான ஷீட்ல இருந்து எடுத்த கேள்வியும் தப்பு. நானே எழுதிக் கையெழுத்துப் போட்டு போர்டுல ஒட்டுறேன். கேள்விய எடுங்க."

"ஒரு கேள்விக்காக லிஸ்ட்ட மாத்தினா பேரண்ட்ஸ் என்ன நெனப்பாங்க? ஃப்ளெக்ஸ் வேற அடிச்சாச்சு." டைரக்டர் என் பக்கம் திரும்பினார். "என்னண்ணே, அடிச்சாச்சுல்ல?"

"அடிச்சாச்சு சார்," என்றேன். ப்ரூஃப் தாள் என் கையிலேயே இருந்தது. என் வாய் எப்போதும் அப்படித்தான், கேட்பவர் நாற்காலியின் உயரத்தைப் பார்த்துப் பதில் சொல்லும்.

மேடம் முதல்முறையாக என்னைப் பார்த்தார். "அடிச்சாச்சா? எத்தன அடி?"

"இருபது அடி மேடம்."

"எங்க இருந்து எங்க வரைக்கும் இருபது?"

"இந்த... முனைல இருந்து அந்த முனைக்கு."

"அந்த முனை இப்ப எங்க கெடக்கு?"

கையில் இருந்த தாளைப் பார்த்தேன். "கம்ப்யூட்டர்ல கெடக்கு மேடம்."

"அப்ப அடிக்கல."

"அடிக்கல மேடம்." ஒரு விக்கல் வந்தால் அடுத்ததும் வரும் அல்லவா, அப்படி அடுத்ததும் வந்துவிட்டது. "அந்த அடிக்குறிப்ப எடுத்ததும் நாந்தேன். நியானக் கொண்டுபோயி அங்க ஒட்டுனதும் நாந்தேன். பக்கம் பத்தல."

டைரக்டர், "அண்ணே, நீங்க செத்த வெளிய நில்லுங்க," என்றார்.

"அவரு இருக்கட்டும் சார். இந்த ரூம்ல உண்மைய ஒத்துக்கிட்டது நாங்க ரெண்டு பேருதான். அவரும் மூணாவது கேள்வியிலதான் ஒத்துக்கிட்டாரு."

"மேடம், சயின்ஸ் வேற, நிர்வாகம் வேற. நீங்க கிளாஸுக்குப் போங்க."

"சரி," என்றார் மேடம். என் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நேரே அறிவிப்புப் பலகைக்குப் போனார். கண்ணாடியைத் தள்ளி, பட்டியலின் தலைப்பில் 'ஸ்டார் பேட்ச்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டார். நாற்பதாவது பெயருக்குக் கீழே ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்குக் கீழே எழுதினார்:

'* 37ஆம் கேள்வியில் இரண்டு வேறு விதமாக எடுத்த அளவுகளை ஒன்றாக வைத்து ஒப்பிட்டிருக்கிறோம். அந்தக் கேள்வியைச் சேர்த்துப் போட்ட வரிசை இது. ஆகவே இந்த வரிசை சரியல்ல.'

கையெழுத்து, தேதி, பாடம். எழுத்து குண்டுகுண்டாக, கேட்டிலிருந்தே படிக்கும்படி இருந்தது. ஒரு பட்டியலுக்கே அடிக்குறிப்பு போட்ட ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

பெற்றோர்கள் கூடினார்கள். என்ன, என்ன என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். "அளவு தப்புங்க. உள்ள போய்க் கேளுங்க," என்று மட்டும் சொல்லிக்கொண்டு மேடம் பலகைக்குப் பக்கத்தில் நின்றார். ஆபீஸ் பையன் தாளைக் கிழிக்க வந்தான். குடையைக் குறுக்கே நீட்டினார். அவன் திரும்பிப் போய்விட்டான்.

அவனியாபுரத்துப் பெண்ணின் அப்பா அங்கே ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை பார்ப்பவர். கையெல்லாம் தீப்பொறித் தழும்பு. நியான், ஃப்ளூரின் எதுவும் அவருக்குத் தெரியாது. மகளிடம் இரண்டு கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டார். டைரக்டர் சிரித்த முகத்தோடு படியில் இறங்கி வந்ததும் கேட்டார்.

"சார், கேட்டுல ஒரு பக்கத்த உங்க டேப்புல அளந்து, மறு பக்கத்த என் டேப்புல அளந்து, ரெண்டையும் சேத்து வெல்டு வெச்சா, அந்தக் கேட்டு சாத்துமா?"

யாரோ பின்னால், "சாத்தாதுண்ணே," என்றார்கள். கூட்டம் சிரித்தது. டைரக்டர் சிரிக்கவில்லை. மேடம் எனக்கு மாதக்கணக்கில் சொன்னதை அந்த மனிதர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

சாயங்காலத்துக்குள் கேள்வி நீக்கப்பட்டது. பழைய நாற்பதில் யாரையும் இறக்காமல், ஏறி வந்த மூன்று பேரையும் சேர்த்து நாற்பத்துமூன்று ஆக்கினார்கள். அவனியாபுரத்துப் பெண்ணும் உள்ளே. 'டைரக்டர் அவர்களின் பெருந்தன்மையால் கூடுதல் இடங்கள்' என்று ஃப்ளெக்ஸில் சேர்க்கச் சொல்லி எனக்குப் போன் வந்தது.

மேடத்தை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. அடுத்த வாரக் கால அட்டவணையில் அவருக்கு ஒரு வகுப்பும் இல்லை, அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு என் கடை வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போனார். நான் எழுந்து நின்று, மன்னிப்புக் கேட்க நினைத்து, "டீ சாப்பிடுறீங்களா மேடம்?" என்றேன்.

"வேணாம்ணே. பேனா," என்று என் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். "வாரேன்."

வரவில்லை. கோயம்புத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நடந்து பத்து வருடத்துக்குப் பக்கம் ஆகிறது.

ஆனால் நானும் சும்மா இருக்கவில்லை என்பதை இந்த இடத்தில் தெரிவித்துக்கொள்கிறேன். அவர் போன அன்றே அந்த ஃப்ளெக்ஸை மறுபடி வடிவமைத்தேன். நாற்பத்துமூன்று முகம் வந்ததும் எல்லா முகமும் சிறுத்தன. முகத்தின் அளவு பக்கத்தில் எத்தனை முகம் என்பதைப் பொறுத்தது. 'பெருந்தன்மையால்' என்று அடிக்கும்போது கை நின்றது. வீரம் வந்துவிட்டது. அந்தச் சொல்லின் தலையில் ஒரு நட்சத்திரம் போட்டேன். ஃப்ளெக்ஸின் அடியில், '* 37ஆம் கேள்வி தவறு என்று வேதியியல் ஆசிரியை எழுதிக் காட்டிய பிறகு' என்று சேர்த்தேன். பொதுமக்கள் கண்ணில் படும், டைரக்டர் கண்ணில் படாது என்று ஓர் அளவு இருக்குமல்லவா, அந்த அளவைத் தேடித் தேடிப் பிடித்து வைத்தேன்.

டைரக்டர் கண்ணில் பட நான்கு நாள் ஆயிற்று. அதோடு சென்டர் வேலை எனக்கு நின்றது. கண்ணீர் அஞ்சலிக்குத் திரும்பினேன். அதில் படத்தில் இருப்பவராவது கேள்வி கேட்க வரமாட்டார் என்று பார்த்தால், மேலே சொன்னேனே, அவரும் வந்தார்.

போன மாதம் அவனியாபுரத்துப் பெண் கடைக்கு வந்தாள். கல்யாணப் பத்திரிகை அடிக்க. குடிநீர் பரிசோதிக்கும் லேப் ஒன்றில் வேலை பார்க்கிறாளாம். மாப்பிள்ளையின் உயரம் பற்றி நான் ஏதோ கேட்க, "யார் பக்கத்துல நிக்க வெச்சுண்ணே?" என்றாள். அதிலேயே தெரிந்துவிட்டது, இவளிடம் மேடத்தின் போன் நம்பர் இருக்கும் என்று. இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் யோசித்து வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம் எழுதினேன். நியானைக் கொண்டுபோய் ஒட்டியது, பின்பக்கம் வெள்ளையாகக் கிடந்தது, அடிச்சாச்சு சார் என்று சொன்னது, டீ சாப்பிடுறீங்களா என்று கேட்டது, எல்லாவற்றுக்கும் தனித்தனியாக மன்னிப்பு. என் தப்பு எவ்வளவு பெரியது என்று இன்னும் தெரியவில்லை மேடம் என்றும் எழுதினேன். கடைசியில், நீங்கள் போன பிறகு நானும் ஒரு வீரச்செயல் செய்தேன், அதில் எனக்கு வேலை போயிற்று, சாட்சி இதோ என்று அந்தப் பழைய ஃப்ளெக்ஸின் படத்தைத் தேடி எடுத்து அனுப்பினேன்.

இரண்டு நீலக் கோடு வந்தது. தட்டச்சு செய்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நான் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கண்ணைத் துடைக்கத் தயாராகக் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தேன்.

பதில் வந்தது.

"அடிக்குறிப்பு எழுத்து ரொம்பச் சின்னது."